பாக்முத்தும் பாலக்காட்டுக் கணவாயும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உக்ரைனின் பாக்முத் நகரத்துக்காக 2022 ஆகஸ்ட் முதல் 2023 மே வரை ரஷ்யப் படைக்கும் உக்ரைன் படைக்கும் இடையே நடந்த சண்டையைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த நகரம் என்பதால் இரு தரப்பாரும் விட்டுக்கொடுக்கவில்லை’ என்று நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதன்பின் வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் எனக் கேரள எல்லையோரத் தமிழ் ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இருந்தன. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் நாள்தோறும் சொல்லும் அச்சொற்றொடரை நானும் விளக்காமல் எழுதிவிட்டேன் என்பதே அவற்றின் குறை. குறை நியாயமானது. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்குகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வேலந்தாவளம்: ‘கேந்திர முக்கியத்துவம்’ என்று எழுதினீர்கள். எழுபதாயிரம் பேர் வாழ்ந்த ஒரு நடுத்தர ஊர். தலைநகரமும் அன்று, துறைமுகமும் அன்று. அப்படி அந்த ஊரில் என்னதான் இருந்தது?

ஐயா, ஊருக்குள் இருந்ததைவிட ஊரின் வழியாகப் போனதுதான் முக்கியம். இதைக் கணவாயில் வாழும் நமக்கு விளக்குவது எளிது. மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கு மேல் விலகி வழிவிடும் இடத்தில் நாம் இருக்கிறோம். தேசிய நெடுஞ்சாலை 544, கோயம்புத்தூரிலிருந்து வரும் இரயில் பாதை, பொள்ளாச்சியிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் காய்கறி ஏற்றிவரும் லாரிகள் என யாவும் இந்த வாசலில்தான் நுழைகின்றன. 2020 மே மாதத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தவர்கள் வாளையாற்றில் வெயிலில் காத்துக்கிடந்த நாட்களை நான் நேரில் பார்த்தேன். ஒரு சோதனைச் சாவடியில் கயிறு கட்டினால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சமையலறை வரை அது தெரியும் என்பதை அப்போதுதான் பலரும் உணர்ந்தோம்.

பாக்முத் அப்படிப்பட்ட ஒரு சந்திப்பு. கார்க்கிவ் பக்கமிருந்து ஸ்லோவியான்ஸ்க் வழியாகத் தென்கிழக்கே இறங்கும் எம்-03 நெடுஞ்சாலை இந்த ஊரைத் தொட்டுச் செல்கிறது. வடகிழக்கே லிசிசான்ஸ்க், தென்மேற்கே கோஸ்தியாந்தினிவ்கா, மேற்கே சாசிவ் யார் ஆகிய ஊர்களுக்கு இங்கிருந்தே சாலைகள் பிரிகின்றன. வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஸ்லோவியான்ஸ்க், கிராமதோர்ஸ்க் என்னும் இரட்டை நகரங்கள் உள்ளன. பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையேயான தொலைவைவிட அது சற்றுக் குறைவு. தோனெத்ஸ்க் மாகாணத்தில் உக்ரைன் அரசின் கையில் எஞ்சியிருந்த பகுதிக்கு அந்த இரட்டை நகரங்களே முதுகெலும்பு.

2022 கோடையில் ரஷ்யப் படையின் கணக்கை ஒரு கத்தரிக்கோலாக மனத்தில் வரைந்துகொள்ளலாம். வடக்கே இசியும் நகரத்திலிருந்து ஓர் அலகும், தென்கிழக்கே பாக்முத்திலிருந்து மற்றோர் அலகும் புறப்பட்டு இரட்டை நகரங்களுக்குப் பின்னால் சேர வேண்டும். சேர்ந்தால் இடையிலிருக்கும் உக்ரைன் படை மொத்தமும் அகப்படும். அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் லிசிசான்ஸ்க் வீழ்ந்தபின், ஆகஸ்ட் முதல் தேதியை ஒட்டி பாக்முத்தின் மீதான நேரடித் தாக்குதல் தொடங்கியது இந்தக் கணக்கின்படிதான். அந்த நாளில் ‘கேந்திர முக்கியத்துவம்’ என்ற சொல் முழுக்கப் பொருந்தியது.

ஆனால் அடுத்த மாதமே ஓர் அலகு முறிந்தது. செப்டம்பரில் உக்ரைன் படை கார்க்கிவ் மாகாணத்தில் மின்னலாகப் பாய்ந்து இசியும் நகரத்தை மீட்டது. அக்டோபர் முதல் தேதி லிமான் நகரமும் மீட்கப்பட்டது. ஒற்றை அலகுக் கத்தரிக்கோல் எதையும் வெட்டாது. சாலைகள் அதே இடத்தில்தான் இருந்தன, ஆனால் அவற்றால் கிடைக்கக்கூடிய பயன் பெரிதும் சுருங்கிவிட்டது. அப்படியிருந்தும் சண்டை அதன்பின் எட்டு மாதம் நடந்தது, முன்னைவிடக் கடுமையாகவும் நடந்தது. நான் எழுதிய அந்த ஒற்றை வாக்கியம் முதல் இரண்டு மாதத்துக்கு மட்டுமே விளக்கம் தருகிறது. மீதி எட்டு மாதத்துக்கான விளக்கம் வேறு. அதை மீனாட்சிபுரம் வாசகரின் கேள்விக்குச் சொல்கிறேன்.

ஊரின் பழம்பெருமை உப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூர் உப்பளங்களுக்காகக் கொசாக்குகள் என்னும் குதிரைவீரர் சமூகத்தார் ரஷ்யப் பேரரசோடு மோதியிருக்கிறார்கள். அருகிலுள்ள சோலெதார் என்ற ஊர்ப்பெயரின் பொருளே ‘உப்பின் கொடை’ என்பதாகும். அங்குள்ள உப்புச் சுரங்கங்களின் பாதைகள் மொத்தம் 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானவை. 1924 முதல் 2016 வரை பாக்முத்துக்கு ஆர்த்தெமிவ்ஸ்க் என்று பெயர். ரஷ்யத் தரப்பு இன்றும் அந்தப் பழைய பெயரின் ரஷ்ய வடிவத்தையே சொல்வதால், வரைபடத்தில் தேடும் வாசகர்கள் இரண்டு பெயர்களையும் குறித்துக்கொள்வது நல்லது.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், வாளையாறு: ‘நகரத்துக்குப் போகும் கடைசிச் சாலையும் தாக்குதல் எல்லைக்குள் வந்துவிட்டது’ என்று பல வாரம் செய்தியில் சொன்னார்கள். அப்படியானால் வண்டி எப்படிப் போயிற்று? போகவில்லை என்றால் உள்ளே இருந்தவர்கள் எதை உண்டார்கள்?

அண்ணே, தங்கள் கேள்விதான் வந்தவற்றில் மிகவும் கூர்மையானது. ஒரு சாலை அறுபடுவது வேறு, தாக்குதல் எல்லைக்குள் வருவது வேறு. எதிரிப் படை சாலையின் மீதே வந்து நின்றால் அது அறுபட்ட சாலை. எதிரி மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் இருந்துகொண்டு, வண்டி தெரிந்தால் பீரங்கியால் அடிப்பது இரண்டாவது நிலை. அந்த நிலையிலும் வண்டி போகும். இரவில், விளக்கில்லாமல், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, குழி விழுந்த இடத்திலும் வேகத்தைக் குறைக்காமல் போகும். பத்து வண்டி புறப்பட்டால் எத்தனை திரும்பும் என்பதே கேள்வியாக இருக்கும்.

2023 ஜனவரியில் சோலெதார் வீழ்ந்தது. அதனால் பாக்முத்தின் வடக்குப் பக்கம் திறந்துகொண்டது. பிப்ரவரியில் வடக்கு நோக்கிய எம்-03 சாலை பயன்படாமல் போயிற்று. தெற்கே கோஸ்தியாந்தினிவ்கா செல்லும் பெரிய சாலையில் இவானிவ்ஸ்கே என்ற சிற்றூரை ஒட்டி ஓயாத சண்டை. எஞ்சியது, மேற்கே குரோமோவே என்ற குடியிருப்பின் வழியாகச் சாசிவ் யாருக்குப் போகும் சிறு சாலை. வீரர்கள் அதை ‘உயிர்ப்பாதை’ என்றனர். மார்ச் தொடக்கத்தில் நகரைச் சுற்றி முக்கியப் பாலங்கள் தகர்ந்தபின், வண்டிகள் வயலுக்குள் இறங்கின.

இங்கே மண் குறுக்கிட்டது. எருத்தேன்பதி, வடகரப்பதிப் பக்கத்துக் கரிசலில் மழைநாளில் வண்டியை இறக்கியவருக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உக்ரைனின் கருமண் நம் கரிசலிலிருந்து தோற்றத்தில் வேறானது என்றாலும், பனி உருகும் மார்ச் மாதத்தில் அதன் குணம் ஏறக்குறைய இதுவே. சக்கர வண்டி அச்சு வரை புதையும். சங்கிலிச் சக்கரம் கொண்ட கவச வண்டிகளே குண்டையும் உணவையும் ரொட்டியையும் தண்ணீரையும் கொண்டுபோயின. திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றி வந்தன. ஏற்றிச் சென்றதைவிடத் திரும்ப ஏற்றி வந்ததுதான் அந்தப் பாதையின் உண்மையான பாரம் என்று நான் நினைக்கிறேன். காயம்பட்டவரை வெளியேற்ற வழியில்லாத இடத்தில் எந்தப் படையும் மனவுறுதியோடு நீடிக்காது.

போஸ்னியாவின் சராயேவோ நகரம் 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை 1,425 நாள் முற்றுகையில் இருந்தது. அங்கே 1993-இல் விமான ஓடுபாதைக்கு அடியில் ஏறத்தாழ 800 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைத் தோண்டினார்கள். ஓர் ஆள் குனிந்து நடக்கும் உயரம்தான் அது. மாவும் மருந்தும் டீசலும் அதன் வழியாகப் போயின. பெரிய நகரம் ஒன்று அத்தனை சிறிய துளையை நம்பி நின்றிருக்கிறது.

பாக்முத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது. ஒற்றை வண்டியைத் துரத்தி மோதும் சிறு டிரோன்கள் வந்துவிட்டதால், போர்முனைச் சாலைகளின் இருபுறமும் கம்பம் நட்டு மேலே மீன்வலையைப் பந்தல்போல் கட்டி, அதற்குள் வண்டி ஓட்டுகிறார்கள். கடலுக்குப் போக வேண்டிய வலை சாலைக்கு மேல் தொங்குவதைப் படத்தில் பார்த்தபோது தங்களைப் போன்ற ஓட்டுநர்களைத்தான் நினைத்தேன்.

கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை: விமானம், ஏவுகணை, டிரோன் எல்லாம் இருக்கும் காலத்தில் ஒரு நகரத்தைப் பிடிக்க ஏன் மாதக்கணக்கில் ஆகிறது? குண்டு போட்டுத் தரைமட்டமாக்கினால் முடிந்துவிடாதா?

தம்பி, தரைமட்டமாக்குவதால்தான் பல நேரம் முடியாமல் போகிறது. 1942 ஆகஸ்ட் 23-இல் ஜெர்மானிய விமானங்கள் சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடை எரித்தன. அடுத்த வாரங்களில் ஜெர்மானிய டாங்கிகள் அந்த இடிபாடுகளுக்குள்தான் சிக்கின. நிமிர்ந்து நிற்கும் கட்டடத்துக்குக் கதவும் சன்னலும் எங்கே என்று வெளியிலிருந்து தெரியும். இடிந்த கட்டடத்தில் எந்த இடுக்கில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரியாது. மேல்தளங்கள் சரிந்து விழுந்தால் நிலவறையின் கூரை இன்னும் தடிப்பாகிறது. அந்நகரைக் காத்த தளபதி சுய்கோவ், எதிரியோடு ஒட்டி நின்று சண்டையிடுமாறு தம் வீரர்களுக்குச் சொன்னார். இரு தரப்புக்கும் இடையே ஒரு தெருவின் அகலமே இருந்தால், மேலிருந்து குண்டு போடுபவன் தன் ஆட்களையும் கொல்ல வேண்டியிருக்கும்.

இராக்கின் மோசுல் அண்மைக் காலச் சான்று. 2014 ஜூனில் ஐஎஸ் இயக்கத்திடம் சில நாட்களில் விழுந்த நகரம் அது. அதை மீட்க 2016 அக்டோபரில் தொடங்கிய சண்டை, 2017 ஜூலை 10-ஆம் தேதி வெற்றி அறிவிக்கப்படும் வரை ஏறத்தாழ ஒன்பது மாதம் நீடித்தது. அரசுத் தரப்பில் சுமார் ஒரு லட்சம் பேர். வானில் அமெரிக்கா தலைமையிலான கூட்டணி விமானங்கள். உள்ளே இருந்ததோ சில ஆயிரம் பேர். டைக்ரிஸ் ஆற்றின் ஐந்து பாலங்களும் பயன்பாட்டை இழந்தன. ஆற்றின் கிழக்கே அகலமான தெருக்கள். அப்பகுதி ஜனவரிக்குள் மீட்கப்பட்டது. மேற்கே பழைய நகரம், இரண்டு பேர் எதிரெதிரே நடந்தால் தோள் உரசும் சந்துகள். கவச வண்டி நுழையாத இடத்தில் காலாள் ஒவ்வொரு வீடாக நுழைய வேண்டியிருந்தது. உள்ளிருந்தவர்கள் வீட்டுக்கு வீடு சுவரைத் துளைத்து, தெருவில் கால் வைக்காமலே நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனார்கள்.

அந்த வீடுகளில் மக்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2017 மார்ச் 17-ஆம் தேதி மேற்கு மோசுலில் ஒரு வீட்டின் கூரையில் இருந்த இரண்டு துப்பாக்கிதாரிகளைக் குறிவைத்து அமெரிக்க விமானம் குண்டு வீசியது. கட்டடம் சரிந்து, உள்ளே தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தனர். அமெரிக்க இராணுவமே பின்னர் இதை ஒப்புக்கொண்டது. ‘தரைமட்டமாக்குதல்’ என்ற சொல்லை எழுதும்போது, தம்பி, அந்த வீட்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

பாக்முத்தில் வாக்னர் என்னும் தனியார் படை வேறொரு முறையைக் கையாண்டது. ரஷ்யச் சிறைகளிலிருந்து, ஆறு மாதம் போரிட்டால் விடுதலை என்ற வாக்குறுதியோடு கைதிகளைத் திரட்டிச் சிறு சிறு குழுக்களாக முன்னே அனுப்பினார்கள். அவர்கள் மீது உக்ரைன் வீரர்கள் சுடும்போது, சுடும் இடம் தெரிந்துவிடும். உடனே அந்த இடத்தின் மீது பீரங்கி பேசும். பிறகு அடுத்த குழு போகும். ஒரு நாளில் இப்படி ஐந்தாறு முறை. ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு முன்னேற ஒரு வாரம் ஆனதும் உண்டு. மனித உயிரை விளக்குபோல் பயன்படுத்தி எதிரியைத் தேடிய இந்த முறையைப் போர்த்திறன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விவசாயி, எருத்தேன்பதி: பாலக்காட்டுக் கோட்டைக்கும் இப்படிப் பலமுறை சண்டை நடந்ததாகச் சொல்வார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

காரணம் ஒன்று, நடந்த விதம் வேறு. ஹைதர் அலி 1766-இல் கட்டிய அக்கோட்டை மலபாருக்கும் கோயம்புத்தூர்ச் சீமைக்கும் இடையேயான வழியைக் காத்தது. 1768-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783-இல் கர்னல் புல்லார்டன் பதினொரு நாள் முற்றுகைக்குப் பின் பிடித்தார். மறு ஆண்டே கைவிட நேர்ந்தது. 1790-இல் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்தபின் அது ஆங்கிலேயரிடமே நின்றது. பலமுறை கைமாறிய வரலாற்றில் மிகக் கடுமையான முற்றுகைகளில் ஒன்றே பதினொரு நாள்தான் என்பதைக் கவனியுங்கள்.

கோட்டையின் மதிலைச் சுற்றி வளைத்துவிட்டால் உள்ளிருக்கும் அரிசியும் வெடிமருந்தும் எத்தனை நாளைக்கு வரும் என்பது ஒரு கணக்கு. அது தீர்ந்தால் முற்றுகையும் தீர்ந்தது. இன்றைய நகரச் சண்டைகளை நான் படித்த அளவில், மாதக்கணக்கில் நீள்பவை பெரும்பாலும் முழுமையாக வளைக்கப்படாத நகரங்களில்தான் நடந்திருக்கின்றன. பாக்முத் ஒருநாளும் முழுமையாக வளைக்கப்படவில்லை. முதுகுப் பக்கம் ஒரு பாதை திறந்திருந்தது. அதன் வழியே புதுப் படையணிகள் உள்ளே போயின, சோர்ந்தவை வெளியே வந்தன. ஸ்டாலின்கிராடில் சோவியத் படைக்கு வோல்கா ஆற்றுப் படகுகள் அந்த வேலையைச் செய்தன. அதே நகரில் 1942 நவம்பர் 23-இல் ஜெர்மானிய ஆறாம் படை முழுமையாக வளைக்கப்பட்டபோது, பத்தே வாரத்தில், 1943 பிப்ரவரி 2-இல், எல்லாம் முடிந்தது. விமானத்தில் உணவு கொண்டுவருவதாக ஜெர்மானிய விமானப்படைத் தலைவர் கோரிங் அளித்த வாக்குறுதி பலிக்கவில்லை. ஒரு நாளைக்கு 300 டன்னாவது வேண்டும் என்றிருக்க, சராசரியாக அதில் பாதிகூட வந்து சேரவில்லை.

மோசுல் இதற்கு விலக்கு. அது வளைக்கப்பட்டும் நீண்டது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயுதம் சேர்த்துவைத்து, லட்சக்கணக்கான மக்களை வெளியேறவிடாமல் தங்களைச் சுற்றி நிறுத்திக்கொண்ட ஒரு கூட்டம் உள்ளே இருந்ததால் அப்படி ஆயிற்று.

வழக்கறிஞர், மீனாட்சிபுரம்: இசியும் மீட்கப்பட்டதும் பாக்முத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்றால், உக்ரைன் பின்வாங்கியிருக்கலாமே? ரஷ்யாவும் விட்டிருக்கலாமே? பிடிவாதம் பிடித்தது தவறில்லையா?

இதற்கு என் கருத்தை மறைக்காமல் எழுதுகிறேன். 2022 இறுதிவரை உக்ரைன் நின்றது சரி என்று நினைக்கிறேன். தாக்குபவன் நகரின் கிழக்கே திறந்த வயலில் ஏறி வர வேண்டியிருந்தது. காப்பவன் கட்டடங்களுக்குள் இருந்தான். தாக்கியவனின் இழப்பு மிக அதிகம். அத்தகைய பேரத்தை எந்தத் தளபதியும் பாதியில் விடமாட்டார். சோலெதார் போனபின் நிலைமை தலைகீழாயிற்று. பக்கவாட்டு மேடுகள் ரஷ்யர் கைக்குப் போயின, சாலைகள் குண்டடிக்கு உள்ளாயின. ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற உக்ரைன் வீரர்களைச் சிறைக் கைதிகளுக்கு ஈடாக இழக்க வேண்டிவந்தது. மார்ச் மாதத்துக்குள் சாசிவ் யார் மேட்டுக்குப் பின்வாங்கியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். 2023 மார்ச் 6-ஆம் தேதி அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலர் லாய்ட் ஆஸ்டின், அந்நகரின் மதிப்பு போர்த்தந்திரம் சார்ந்தது என்பதைவிட அடையாளம் சார்ந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். மறுதரப்பு வாதமும் வலுவற்றது அன்று: பின்னால் கோடைத் தாக்குதலுக்காகப் புதிய படைப்பிரிவுகளைப் பயிற்றுவிக்கக் காலம் வேண்டும், அதுவரை எதிரியை இங்கேயே பிணைத்து வைக்கலாம், பின்வாங்கினால் அடுத்த ஊரில் இதே சண்டைதான். இதைச் சொன்னவர்கள் அந்தக் களத்தில் நின்றவர்கள். நான் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆனால் முடிவை எடுக்கவிடாமல் தடுத்த மற்றொன்று இருந்தது. பெயர். 2022 டிசம்பர் 20-ஆம் தேதி அதிபர் ஜெலென்ஸ்கி பாக்முத்துக்கே சென்றார். அங்கு வீரர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடியை மறுநாள் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒப்படைத்தார். ‘பாக்முத் கோட்டை’ என்ற முழக்கம் சுவரொட்டியிலும் பாட்டிலும் ஏறியது. அதன்பின் அந்த ஊரை விடுவது ஒரு சாலைச் சந்திப்பை விடுவதாக இருக்கவில்லை. எதிர்ப்புறத்தில் வாக்னர் தலைவர் பிரிகோஜினுக்கும் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் கடும் பகை. தன் ஆட்களால் மட்டும் பிடிக்கப்பட்ட ஒரு நகரம் அவருக்கு வேண்டியிருந்தது. இரு தரப்பாருக்கும் நகரத்தின் மதிப்பு, அதற்காக ஏற்கெனவே செலவிட்ட உயிர்களின் மதிப்பாக மாறிவிட்டது. செலவு ஏற ஏற விடமுடியாமை ஏறும்.

நம் நாட்டு மண்ணிலேயே இதற்கொரு பாடம் உண்டு. 1944 ஏப்ரலில் ஜப்பானியத் தளபதி சாட்டோவின் 31-ஆம் டிவிஷன், ஏறத்தாழ 15,000 பேர், நாகாலாந்தின் கொஹிமாவைத் தாக்கியது. மலையுச்சியில் இருந்த காவற்படை எண்ணிக்கையில் அதன் சிறு பகுதியே. மாவட்ட அதிகாரியின் பங்களாவை ஒட்டிய டென்னிஸ் மைதானத்தின் இரு கரையில் இரு தரப்பும் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு, கையால் வெடிகுண்டு எறியும் தூரத்தில் வாரக்கணக்கில் போரிட்டன. உண்மையில் கொஹிமா வழியாக இம்பாலுக்குப் போன சாலையின் உயிர்நாடி பின்னால் இருந்த திமாப்பூர் இரயில் நிலையம். பிரிட்டிஷ் படைக்கு வேண்டிய அத்தனையும் அங்குதான் குவிந்திருந்தது. சாட்டோ ஒரு பகுதியைக் கொஹிமாவில் நிறுத்திவிட்டுத் திமாப்பூருக்குப் பாய்ந்துவிடுவாரோ என்பதே பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் பெருங்கவலை. சாட்டோவின் மேலதிகாரி முத்தகுச்சிக்கும் அந்த எண்ணம் வந்தது, அவருக்கும் மேலே இருந்தவர் அனுமதிக்கவில்லை. படை முழுவதும் கொஹிமா என்ற பெயரைச் சுற்றியே நின்று தேய்ந்தது. அரிசியும் குண்டும் வராததால் மே இறுதியில் சாட்டோ கட்டளையை மீறிப் பின்வாங்கினார். ஜூன் 22-ஆம் தேதி கொஹிமாவிலிருந்து வந்த படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் 109-ஆவது மைல்கல்லில் சந்தித்தபோது சாலை திறந்தது. அந்தப் போர் முடிந்த இடத்தை வரலாறு ஒரு மைல்கல்லின் எண்ணால் நினைவில் வைத்திருக்கிறது.

மருந்துக்கடைக்காரர், சித்தூர் (பாலக்காடு மாவட்டம்): கடைசியில் யார் வென்றது?

2023 மே 20-ஆம் தேதி பிரிகோஜின் நகரைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். தம் ஆட்களில் 20,000 பேர் அங்கே இறந்ததாகவும் அவர்களில் பாதிப் பேர் கைதிகள் என்றும் சில நாட்களில் அவரே சொன்னார். ஜூனில் அவர் மாஸ்கோவை நோக்கிப் படையைத் திருப்பினார். ஆகஸ்ட் 23-இல் விமானம் விழுந்து இறந்தார். நகரம் ரஷ்யாவின் கையில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே உள்ள சாசிவ் யாருக்கான கடுஞ்சண்டை 2024 வசந்தத்தில் தொடங்கி ஓர் ஆண்டைத் தாண்டியும் ஓயவில்லை.

இல்லத்தரசி, கோவிந்தாபுரம்: குண்டு விழும் ஊரில் கடைசிவரை சிலர் தங்கியிருந்ததாகப் படித்தேன். ஏன் தங்கினார்கள்? இன்னொன்று, உப்புச் சுரங்கம் என்கிறார்களே, அந்த உப்பு என்ன ஆயிற்று?

அம்மா, 2023 மார்ச் தொடக்கத்தில் எழுபதாயிரத்தில் எஞ்சியவர்கள் நான்காயிரத்துக்கும் குறைவு. அவர்களில் 38 குழந்தைகள் என்று உக்ரைன் அரசு சொன்னது. பெரும்பாலோர் முதியவர்கள். மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, கைபேசிக்குத் தொடர்பு இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலவறையில் விறகடுப்பு மூட்டி, இறந்த அண்டை வீட்டாரை முற்றத்திலேயே புதைத்து வாழ்ந்தார்கள். வெளியேற்ற வந்த தன்னார்வலர்களிடம் அவர்கள் சொன்ன காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. படுக்கையில் கிடக்கும் தாயை விட முடியாது. வேறிடத்தில் வாடகை கொடுக்கப் பணமில்லை. நாயையும் பூனையையும் யார் பார்ப்பது. கணவரின் கல்லறை இங்கே இருக்கிறது. இந்த வீட்டைக் கட்ட முப்பது ஆண்டு ஆயிற்று. ரஷ்யா வரட்டும் என்று காத்திருந்தவர்களும் சிலர் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பலருக்கு அரசியல் இரண்டாம் பட்சம். ஆற்றில் வெள்ளம் ஏறிய இரவில் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்ட பாட்டியை நம் ஒவ்வொரு குடும்பமும் அறியும். அந்தப் பாட்டியின் பிடியில் இருப்பதை வெறும் பிடிவாதம் என்று என்னால் எழுத முடியாது. வெளியே போனால் தான் யாராக இருப்போம் என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இங்கே தன்னார்வலர்கள் செய்ததைக் குறிப்பிட வேண்டும். லாரி ஓட்டுநர் ஐயாவுக்குச் சொன்ன அதே உயிர்ப்பாதையில், கவசமில்லாத வேன்களில் ரொட்டியும் மருந்தும் ஏற்றிச் சென்று, ஒப்புக்கொண்ட முதியவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு முறை மறுத்தவரைத் தேடி மறு வாரமும் போனார்கள். அவர்களில் சிலர் திரும்பவில்லை.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். சோலெதார் சுரங்கங்களை நடத்திய ஆர்த்தெம்சில் என்னும் அரசு நிறுவனம்தான் உக்ரைன் சமையலறைகளுக்குப் பெரும்பகுதி உப்பைத் தந்துவந்தது. 2022 வசந்தத்தில் போர் நெருங்கியதும் உற்பத்தி நின்றது. உப்பை ஏற்றுமதி செய்த நாட்டில் கடை அலமாரிகள் சில வாரம் காலியாயின. பின்னர் வெளிநாட்டு உப்பு வரத் தொடங்கியது. சுரங்கத்திலிருந்து கடைசியாக வெளியே எடுத்துவைத்திருந்த உப்பை 2023-இல் சிறு பொட்டலங்களாகக் கட்டி, டிரோன் வாங்க நிதி திரட்டுவதற்காக விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள்.